மாவுல் ஜுப்ன்

பால் திரிந்தால் கட்டியை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் இளம்பச்சை நீரைக் கொட்டிவிடுகிறோம். அந்நீருக்கு அரபு மருத்துவ நூல்களில் 'மாவுல் ஜுப்ன்' என்று பெயர். 'மா' நீர்; 'ஜுப்ன்' பாலாடைக்கட்டி.

பாலை நீர், கட்டி, கொழுப்பு என மூன்றாகப் பகுப்பது ஜாலீனூஸ் என்னும் கிரேக்க மருத்துவர் வழி வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அவருடைய நூல்களை அரபிக்குக் கொணர்ந்தார். 1037-இல் மறைந்த இப்னு ஸீனாவும் தமது 'அல்கானூன்' நூலில் அப்பகுப்பையே மேற்கொண்டார். நீர்க்கூறு கழுவித் துப்புரவாக்கும், மலத்தை இளக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, கரும்பித்தத்தால் விளைவன என்று கருதிய பிணிகளுக்கு அதைப் பருகக் கொடுத்தனர்.

இன்று இந்நீரின் புரதங்கள் புண்ணை ஆற்ற உதவுமா என ஆராய்கிறார்கள். உடனே, "இப்னு ஸீனா அன்றே சொல்லிவிட்டார்" என்று பெருமை பேச நம்மில் சிலர் முந்துவர். அது முறையன்று. ஹகீம்கள் அதைப் பேதிக்குக் கொடுத்தார்கள். 'புரதம்' என்ற சொல்லே 1838-இல்தான் பிறந்தது. சொல்லாததை அவர் மேல் ஏற்றினால், சொன்னதன் மதிப்பும் குன்றும்.

பாலின் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீனாகக் கட்டியோடு போக, எஞ்சிய 20 விழுக்காடு நீரில் தங்குகிறது. அதிலுள்ள லாக்டோஃபெரின் இரும்பைப் பற்றிக்கொள்வதால் கிருமிகளுக்கு அவ்விரும்பு கிட்டுவதில்லை. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் அந்நீர்ப் புரதங்களில் மிகுதி; உயிரணுவைக் காக்கும் குளூட்டதையோன் உருவாக அது வேண்டும்.

நீரிழிவுக்காரரின் காலில் ஒரு சிறு கீறல் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதை நாம் அறிவோம். ஆறும் புண்ணில் அழற்சி தோன்றித் தன் வேலை முடிந்ததும் அடங்கும். இவர்களுக்கோ அது அடங்காமல் நீடிக்கிறது. ரியாத் மன்னர் சவூத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு இப்புரதத்தை ஊட்டிப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வில் அழற்சி ஒழுங்குக்கு வந்தது. புண்ணும் விரைந்து ஆறியது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒட்டகப்பாலின் நீர்ப் புரதமும் சுண்டெலிகளில் அவ்வாறே பயன் தந்தது.

ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. அவற்றுக்கும் அது வாய்வழியே கொடுக்கப்பட்டது, புண்ணில் ஊற்றப்படவில்லை. நீரிழிவோடு சிறுநீரகமும் பழுதுற்றவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.