உலர்த்த இணங்காத செடிகள்: லித்தோப்ஸ் வகைப்பாட்டின் வரலாறு

தாவர வகைப்பாடு பெரும்பாலும் உலர்மாதிரிகளை நம்பி வளர்ந்த துறை. செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிவிட்டால், நூறாண்டு கழித்தும் எடுத்து ஒப்பிடலாம். தென்னாப்பிரிக்க வறள்நிலத்துச் சிறு சதைப்பற்றுத் தாவரங்கள் இந்த முறைக்கு எளிதில் இணங்கவில்லை. கூழாங்கல் போன்ற லித்தோப்ஸை உலர்த்தினால் நீர் வற்றி, நிறமும் இலைமுகப்பின் கோலமும் அழிந்துவிடும். இந்தத் தடையைத் தாவரவியலாளர்கள் எதைக் கொண்டு ஈடுகட்டினார்களோ, அதுவே ஒவ்வொரு காலத்து வகைப்பாட்டையும் வடிவமைத்தது.

முதலில் கைகொடுத்தவை ஓவியங்கள். லின்னேயஸ் 1753-இல் மெசம்பிரியாந்திமம் என்னும் ஒரே பேரினத்தில் இக்கூட்டத்தை அடக்கியபோது, டில்லேனியஸ் 1732-இல் வெளியிட்ட தோட்டச்செடிப் படங்களைப் பெரிதும் சார்ந்திருந்தார். பின்னர் ஹாவொர்த் உயிருள்ள செடிகளை வளர்த்துப் பார்த்து எழுதினார். பேரினம் பெருத்ததே தவிர, பிரியவில்லை.

1811-இல் பிரீஸ்கா அருகே வில்லியம் பர்ச்செல் கல் என்று எண்ணி எடுத்தது செடியாக இருந்தது. ஹாவொர்த் 1821-இல் அதற்கு மெசம்பிரியாந்திமம் டர்பினிஃபார்மே என்று பெயரிட்டார். ஆனால் பர்ச்செலின் படத்தைக் கொண்டு இனத்தை ஐயமறத் தீர்மானிக்க இயலவில்லை. எனவே அந்தப் பெயர் பிற்காலத்தில் கைவிடப்பட்டு, லித்தோப்ஸ் ஹூக்கெரி என்பது நிலைத்தது.

திருப்பத்தைத் தந்தது கனி. கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த என். ஈ. பிரவுன் 1922-இல் லித்தோப்ஸைத் தனிப் பேரினமாக்கினார். தொல்லியல் அறிஞரான குஸ்டாவ் ஷ்வாண்டஸும், கேப்டவுனில் லூயிசா போலஸும் அதே காலத்தில் இக்கூட்டத்தை ஆராய்ந்து வந்தனர். இலையைப் போலன்றி, கனி காய்ந்தாலும் உருக்குலைவதில்லை. உலர்ந்த கனிமேல் ஒரு சொட்டு நீர் விட்டால், மூடிகளின் உட்புற மேடுகள் ஊறி உப்பி, மூடிகள் வெளிப்புறமாக விரிகின்றன. காய்ந்ததும் மீண்டும் மூடிக்கொள்கின்றன. மழைத்துளி தெறிக்கும்போது விதை பரவுவதற்கான ஏற்பாடு இது. அறைகளின் எண்ணிக்கை, விதைகளை மறைக்கும் சவ்வு, மேடுகளின் அமைப்பு ஆகியவை பழைய பெரும்பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரிக்க வழிசெய்தன.

பேரின எல்லையைக் கனி காட்டியது. இன எல்லையைக் காட்டவில்லை. ஒற்றைச் செடியின் நிறத்தை நம்பிப் புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன. இந்தக் குழப்பத்தைச் சீர்செய்தவர் டெஸ்மண்ட் கோல். பாண்டு மொழிகளின் பேராசிரியரான அவர், மனைவி நோரீனுடன் வாழிடங்களுக்கே சென்று, ஓரிடத்துச் செடிகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பதிவு செய்தார். ஒவ்வொரு திரட்டுக்கும் எண்ணிட்டார். அவை ஏறத்தாழ 400. அவருடைய நூல் 1988-இல் வெளிவந்தது. வளர்ப்போர் இன்றும் 'கோல் எண்'ணைச் சொல்லியே செடியின் பிறப்பிடத்தை அறிகின்றனர்.

டி.என்.ஏ. ஆய்வு அடுத்த கட்டம். லித்தோப்ஸ் அடங்கிய பெருங்கிளையின் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் 38 முதல் 87 லட்சம் ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்று 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு கணித்தது. இவ்வளவு அண்மையில் பிரிந்தவற்றினிடையே தெளிவான கோடு கிழிப்பது கடினம் என்பதில் வியப்பில்லை.

ஓவியம், கனி, வாழிடம், மரபணு என்று ஆதாரம் மாறியபோதெல்லாம் வகைப்பாடும் மாறியது. இவற்றுள் இன்று நெருக்கடிக்கு உள்ளாகியிருப்பது வாழிடத் தகவல். சிறு சதைப்பற்றுச் செடிகளைத் திருடி விற்போர் பெருகியதால், துல்லியமான இடத்தை அச்சிட ஆய்வாளர்கள் தயங்குகின்றனர். ஓர் இனத்தை நிறுவத் தேவைப்படும் அதே தகவல் அதன் அழிவுக்கும் வழிகாட்டக்கூடும். ஆகவே, எதைப் பதிவு செய்வது என்பதோடு யாருக்கு அதைத் திறந்து காட்டுவது என்பதையும் முடிவு செய்யும் பொறுப்பு வகைப்பாட்டாளர்களுக்குச் சேர்ந்திருக்கிறது.