அடைத்த கதவுகளும் அன்றாடக் கூலியும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமிழ்நாட்டில் கடைகளையும் பள்ளிகளையும் ஆலயங்களையும் மூடுவதற்கு அரசு கையிலெடுத்த சட்டங்களுள் ஒன்று, நம் பாட்டனார் காலத்தையும் முந்தியது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் என்பது அதன் பெயர். நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதை அடுத்து, ஆங்கில அரசு அவசர அவசரமாக அதை இயற்றியது. எவரையும் தடுத்து நிறுத்தவும், எவ்வீட்டையும் சோதிக்கவும் அதிகாரிகளுக்கு அதில் இடமுண்டு. நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படும் எச்செயலுக்காகவும் அவர்கள்மீது வழக்குத் தொடர இடமில்லை. புனே நகரில் இந்த அதிகாரம் வீடுகளுக்குள் படைவீரர்களாக நுழைந்தது. அதன் விளைவாகவே பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார்.

அந்த நோய் நம் கோவைக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் வந்து போனதைக் கோவையின் பழைய குடும்பங்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். 1901இல் 53,000 பேரைக் கொண்டிருந்த கோவை நகரம், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 47,000 ஆகச் சுருங்கிப் போனது. வளர்ந்துகொண்டிருந்த ஒரு தொழில் நகரம் பத்தாண்டுகளில் சிறுத்ததென்றால் காரணம் எளிதில் விளங்கும். மாண்டவர் பலர், நகரைவிட்டு வெளியேறியவர் அதனினும் பலர்.

இந்த வெளியேற்றத்தை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்வது அக்கால வழக்கம். தோட்டம் வைத்திருந்தோர் தம் சாளைகளுக்குப் போயினர். இல்லாதோர் ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை கட்டிக்கொண்டு, நோய் தணியும்வரை அங்கே குடியிருந்தனர். நோய் கண்ட ஊரிலிருந்து வருவோர் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற சீட்டு இருக்க வேண்டும் என்றும், போய்ச் சேர்ந்த ஊரில் அவர்கள் குறித்த நாள்வரை அதிகாரிமுன் நின்று உடம்பைக் காட்ட வேண்டும் என்றும் சென்னை மாகாணத்தில் விதி இருந்தது. 2020இல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக 'இ-பாஸ்' கேட்டபோது, இது ஏதோ புதுயுகக் கண்டுபிடிப்பு என்று இளைஞர்கள் எண்ணினர்! செல்பேசியில் வந்தது ஒன்றே புதுமை.

ஆயினும் இரண்டு காலங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பிளேக் காலத்தில் மக்கள் வீட்டைவிட்டு வெளியே போனார்கள்; கொரோனா காலத்தில் வீட்டுக்குள்ளே வைத்து அடைக்கப்பட்டார்கள். வெளியே போனவனுக்குக் காடும் மேடும் கிடைத்தன. ஆடு மேய்க்கலாம், கீரை பறிக்கலாம், அக்கம்பக்கத் தோட்டத்தில் களை எடுக்கலாம். உள்ளே அடைபட்டவனுக்குக் கிடைத்தவை நான்கு சுவர்கள். அவற்றுள் ஒன்றுக்கு மாத வாடகையும் கட்டியாக வேண்டும்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநில அரசின் 144 தடையுத்தரவு நடப்புக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு முழுவதும் மூடப்பட்டது. முதலில் 21 நாள் என்றார்கள். பின்பு மே 3, மே 17, மே 31 என்று அது நீண்டுகொண்டே போனது. தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் அது பன்னீர்த் திராட்சையும் தக்காளியும் வாழையும் சந்தைக்குப் போக வேண்டிய காலம். வேளாண்மைக்குத் தடையில்லை என்று அரசு சொன்னது உண்மையே. ஆனால் சரக்கை ஏற்ற வண்டியும், இறக்க ஆளும், வாங்கக் கடையும் வேண்டுமல்லவா? உணவகமும் கல்யாண மண்டபமும் பழச்சாற்றுக் கடையும் மூடிக் கிடக்கையில் திராட்சையை யார் வாங்குவார்?

இதில் சின்ன வெங்காயம் வைத்திருந்தவர் ஓரளவு தப்பித்தார். தோட்டத்திலேயே பட்டறை போட்டு, மேலே ஓலை வேய்ந்து, காற்றோட்டமாகச் சில மாதங்கள் காத்து வைக்கும் பொருள் அது. திராட்சையும் தக்காளியும் காத்திரா. தக்காளியைப் பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று செடியிலேயே விட்டவர்களை நாம் அறிவோம். பறிக்காமல் விடப்பட்ட ஒவ்வொரு தோட்டத்துக்கும் பின்னால் கூலி இழந்த பத்துப் பெண்கள் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. அவர்களது இழப்பு எந்த விளைபொருள் கணக்கிலும் ஏறவில்லை. அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 விழுக்காடு வீழ்ந்தது, வேளாண்மை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்தது என்று அரசின் முதல் மதிப்பீடு கூறிற்று. புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை. எனினும் அதைக் களை எடுக்கும் பெண்ணிடம் படித்துக் காட்ட நமக்குத் துணிவில்லை.

நகரப் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. கோவை பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர்போன ஊர். அவற்றின் உதிரிபாகங்களைச் செய்பவர்கள் ஒரு லேத்தும் இரண்டு ஆளுமாகச் சந்துகளில் பட்டறை நடத்தும் எளியவர்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் கூலிக்கு நெய்யும் தறிகள் நின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு எட்டுப் பேராக அடைபட்டு, மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கும்வரை ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர்.

உதவியே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. அரிசி அட்டைதாரர்களுக்கு ஏப்ரலில் ரூ. 1,000 வந்தது, ரேஷன் கடையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் விலையின்றிக் கிடைத்தன. நூறு நாள் வேலையின் கூலி ரூ. 256 ஆக உயர்த்தப்பட்டது. பட்டினிச் சாவு நம் பகுதியில் நேராமல் காத்தது பொது விநியோகம் என்ற பழைய ஏற்பாடே என்பது நம் துணிபு. ஆனால் கடனை அரிசியால் அடைக்க முடியாது. தவணைகளை ஆகஸ்டு 31 வரை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் ஓய்வெடுக்கவில்லை. மகளிர் குழுக்களில் நுண்கடன் வாங்கிய நம் பங்குப் பெண்கள் பலருக்கு அந்த ஒத்திவைப்பு என்னவென்றே எவரும் விளக்கவில்லை. "நோய் வந்தாப் பத்து நாளுங்க சாமி, வட்டி வந்தாப் பத்து வருசமுங்க" என்றார் ஓர் அம்மாள். பொருளாதாரம் படித்தவர்களும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இனி உடல்நலத்தின் கதை. முடக்கம் பயனற்றது என்று வாதிடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. படுக்கைகளையும் ஆய்வுக்கூடங்களையும் ஆயத்தம் செய்ய அது அவகாசம் தந்தது. அந்த அவகாசத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே நம் கேள்வி. 2019இல் இந்தியாவில் கண்டறிந்து பதிவு செய்யப்பட்ட காசநோயாளிகள் 24 லட்சம் பேர்; 2020இல் 18 லட்சம் பேர். அந்த 6 லட்சம் பேர் குணமாகிவிட்டார்கள் என்று நம்ப எவராலும் இயலாது. இருமலோடு வீட்டுக்குள் இருந்தார்கள், வீட்டாருக்கும் கொடுத்தார்கள். நம் ஊர்ப்புறங்களில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி உயிர் வாழ்வோர் ஏராளம். பேருந்து நின்றதும் மாத்திரையும் நின்றது. ஜூன் மாதம் ஓடிய பேருந்துகள் ஜூலையில் மீண்டும் நின்று, செப்டம்பரில்தான் சீராயின. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், பதினாறு மாதங்கள் முன்னால் வந்திருக்கலாம்.

2021 மே மாதத்தை நினைத்தாலே இப்போதும் மனம் கனக்கிறது. நாள்தோறும் வரும் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் மிஞ்சியது. மே 30 அன்று முதலமைச்சர் கவச உடை அணிந்து கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் நோயாளிகளைப் பார்த்தார். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை உள்ளிட்ட பதினொரு மாவட்டங்கள் விலக்கப்பட்டன. முதல் முடக்கத்தில் கையிருப்பும், இரண்டாவதில் நகையும் போயின என்று பலர் சொல்லக் கேட்டோம். கொரோனாவால் இறந்தோரின் குடும்பத்துக்கு ரூ. 50,000 என்று உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் முடிவாயிற்று. மாத்திரை கிட்டாமல் இறந்தோருக்கும், டயாலிசிஸுக்கு வண்டி கிட்டாமல் இறந்தோருக்கும் பட்டியலே இல்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் முடக்கம் புதிதன்று. 1576இல் மிலான் நகரம் பிளேக்கால் அடைக்கப்பட்டபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பீடம் அமைக்கச் செய்தார். மக்கள் தம் சாளரங்களிலிருந்தே திருப்பலி கண்டனர். இதைப் பலரும் 2020 புனித வாரத்தில் நினைவூட்டினார்கள். மார்ச் 27 அன்று மழையில் வெறிச்சோடிய பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நின்ற காட்சியையும், ஏப்ரல் 12 அன்று பூட்டிய கோவிலுக்குள் உயிர்ப்புப் பெருவிழா நடந்ததையும் நாம் மறக்க மாட்டோம். ஆனால் அப்பேராயர் செய்த மற்றொன்றைக் குறைவாகவே பேசினோம். தம் இல்லத்துத் திரைச்சீலைகளைக் கழற்றி ஏழைகளுக்கு ஆடை தைக்கக் கொடுத்தார். வேலையிழந்தோருக்குச் சோறிடத் தம் உடைமைகளை விற்றார். கதவை அடைத்தால் அடைபட்டவனுக்கு உணவு அனுப்ப வேண்டும் என்பது அன்றைய மிலானுக்குத் தெரிந்திருந்தது. அந்திசாயுமுன் கூலி கொடுத்துவிட வேண்டும் என்ற இணைச்சட்ட நூலின் கட்டளையும் இந்த அறிவிலிருந்து பிறந்ததே.

1897ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழாண்டுவரை சிறை என்று அதில் சேர்த்தார்கள், தேவையான திருத்தம்தான். அடைபட்டவரின் கூலியைப் பற்றி அதில் அன்றும் ஒரு வரி இல்லை, இன்றும் இல்லை. நிவாரணத்தைப் பற்றிப் பேசும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமோ, எவ்வளவு, எப்போது என்பதை அதிகாரிகளின் முடிவுக்கே விட்டுவிடுகிறது.

பிளேக் காலத்திலிருந்து கோவைக்கு மிஞ்சியவை சில பிளேக் மாரியம்மன் கோவில்களும் மக்கள்தொகை ஏட்டின் எண்களுமே. கொட்டகையில் குடியிருந்த ஒரு கூலியாள் என்ன உண்டார், எவ்வளவு கடன்பட்டார் என்று நமக்குச் சொல்ல ஓர் ஏடும் கைக்கு எட்டவில்லை. 2020இன் கதையும் அவ்வாறே போய்விடக்கூடும். ஆகவே நம் அன்பியங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளோம். அந்த இரண்டு ஆண்டுகளின் மளிகைக் கடைப் பற்றுச் சீட்டு, குழுக் கடன் அட்டை, அடகுச் சீட்டு, வேலை அட்டை எவையேனும் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். அன்பியக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வந்தால் படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். எழுதத் தெரியாத முதியோர் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். பெயர் வேண்டாம், ஊரும், தொழிலும், தொகையும் போதும்.