நிறுவப்படாத கருதுகோளும் முழுமூளைக் கதிர்வீச்சும்: ஜி-பிசிஎன்எஸ்எல்-எஸ்ஜி-1 ஆய்வின் மறுவாசிப்பு

மூளை, தண்டுவடம் உள்ளிட்ட மைய நரம்பு மண்டலத்தில் மட்டுமே தோன்றும் முதன்மை லிம்போமா மெத்தோட்ரெக்சேட் என்ற வேதிமருந்தால் முழுவதும் மறைந்த பிறகும் முழுமூளைக் கதிர்வீச்சு தேவை என்போர், ஜெர்மனியில் நடந்த ஜி-பிசிஎன்எஸ்எல்-எஸ்ஜி-1 ஆய்வையே துணைக்கு அழைக்கிறார்கள். கதிர்வீச்சைத் தவிர்த்தால் ஆயுள் குறையாது என்ற கருதுகோள் அதில் நிறுவப்படவில்லை. எனவே கதிர்வீச்சு தொடர வேண்டும் என்பது அவர்கள் வாதம். முதல் பாதி சரி. அதிலிருந்து இரண்டாம் பாதி பிறக்காது.

2000 மே முதல் 2009 மே வரை 551 பேர் சேர்க்கப்பட்டனர். 2010இல் வெளியான முதல் அறிக்கையில், நெறிமுறைப்படி சிகிச்சை முடித்த 318 பேரே முதன்மைக் கணக்கில் வந்தனர். கதிர்வீச்சு பெற்ற 154 பேரின் இடைநிலை ஆயுள் 32.4 மாதம்; பெறாத 164 பேருக்கு 37.1 மாதம். அபாய விகிதம் 1.06, நம்பக இடைவெளி 0.80 முதல் 1.40 வரை. முன்பே வகுத்த 0.9 என்ற எல்லையை இடைவெளி தாண்டியதால் கருதுகோள் நிறுவப்படவில்லை என்று ஆய்வாளர்கள் நேர்மையாக எழுதினார்கள். இடைவெளி அகன்றிருப்பது ஆட்கள் குறைந்துபோனதைக் காட்டுகிறதே ஒழிய, கதிர்வீச்சின் மேன்மையைக் காட்டவில்லை.

2015இன் இறுதி அறிக்கை இன்னும் கூர்மையானது. ஒதுக்கீட்டின்படியே 410 பேரை எடுத்துக்கொண்டால், நோய் முற்றாமல் கழிந்த காலம் கதிர்வீச்சுடன் 15.4 மாதம், இல்லாமல் 9.9 மாதம், வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது. ஆனால் மொத்த ஆயுளில் அபாய விகிதம் 0.98. நோய் தள்ளிப்போனது, மரணம் தள்ளிப்போகவில்லை. மீண்டும் நோய் வந்தவர்களுக்கு அப்போது கதிர்வீச்சு தர வழியிருந்தது இதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம். அதை இந்தத் தரவால் முழுமையாக மெய்ப்பிக்க முடியாது.

எதிர்த்தரப்பு கவனிக்காமல் விடுவது வேறொன்று. கதிர்வீச்சில்லாப் பிரிவில், முழுத் தணிவு அடைந்தவர்களுக்கு அதன்பின் எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. தணிவு அடையாதவர்களுக்கு மட்டுமே உயர் அளவு சைட்டராபின் கிடைத்தது. அதாவது 45 கிரே கதிர்வீச்சு போட்டியிட்டது பெரும்பாலும் வெறும் கண்காணிப்போடு. அத்தனை சாதகமான களத்திலும் அது ஆயுளைக் கூட்டிக் காட்டவில்லை என்பதே இந்த ஆய்வின் மெய்யான செய்தி என்று கருதுகிறேன்.

நீடித்த முழுத் தணிவில் இருந்தவர்களில், மருத்துவப் பரிசோதனையில் நரம்பு நச்சு தென்பட்டவர்கள் கதிர்வீச்சுப் பிரிவில் 45க்கு 22 பேர், மற்றதில் 34க்கு 9 பேர். எண்கள் சிறியவை, ஆனால் திசை தெளிவு. மருத்துவமனை வராந்தாவில் இது எப்படித் தெரியும் என்பதை நரம்பியலார் அறிவர்: காலைத் தரையோடு தேய்த்து நடக்கும் நடை, அடக்க முடியாத சிறுநீர், கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்து வரும் பதில். எம்ஆர்ஐயில் கட்டி இருக்காது. வெண்பொருள் மட்டும் இருபுறமும் வெளுத்திருக்கும். அந்த நோயாளி ஆய்வுப் பட்டியலில் வெற்றியாகவே பதிவாகிறார்.

அளவை 23.4 கிரேயாகக் குறைத்தால் போதுமே என்பார்கள். அது தனிக் கேள்வி. 45 கிரேயைக் காப்பாற்ற அது உதவாது. தன் தண்டுயிரணு மாற்றுச் சிகிச்சை வந்தபின் இந்த விவாதமே காலாவதி என்பாரும் உண்டு. கதிர்வீச்சையும் அந்த மாற்றையும் ஒப்பிட்ட ஐஇஎல்எஸ்ஜி32 ஆய்வு 70 வயது வரையிலானவர்களையே சேர்த்தது. ஜெர்மன் ஆய்வில் இடைநிலை வயது 63. முதுமையாலோ இதய, சிறுநீரகக் குறைகளாலோ மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியற்றவர்கள் இன்றும் ஏராளம். கதிர்வீச்சின் நச்சு மிகக் கடுமையாகத் தாக்குவதும் முதியவர்களையே. தணிவு அடைந்த அவர்களைக் கண்காணிப்பதா, கதிர்வீச்சுக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழும்போது, நம்மிடம் உள்ள மிகப் பெரிய சீரற்ற ஒதுக்கீட்டு ஒப்பீடு இதுவே. அது கண்காணிப்பின் பக்கம் சாய்கிறது.