ரெக்ஸ் தியேட்டர் கறிபப்

செஞ்சியில் ராஜகிரி மலை ஏறி இறங்கிய களைப்போடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், மாலை நேரத்தில் பேக்கரித் தட்டு வெளியே வரும் வாசனை ஆளை நிறுத்திவிடும். சூடான முட்டை பப்ஸை ஒரு கடி கடித்தால் மேல்தோல் பொலபொலவென்று சட்டையெல்லாம் உதிரும். உள்ளே வதக்கிய வெங்காய மசாலா, அதன்மேல் கவிழ்த்து வைத்த பாதி முட்டை.

அடுக்கின் சூட்சுமம் மடிப்பில் இருக்கிறது. மைதா மாவில் கொழுப்பை வைத்து மடித்து, தேய்த்து, மறுபடியும் மடிக்கிறார்கள். சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்க, நடுவிலுள்ள கொழுப்பு அவற்றை ஒட்டவிடாது. ஐரோப்பியர் கைப்பக்குவம் அது. செஞ்சிக்கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்து, 1761 வரை பிரெஞ்சுக்காரர் வைத்திருந்தார்கள். ஆனால் இந்த மாவுக்குள் நம் மசாலா புகுந்ததை நினைக்கும்போது, எனக்குப் பாண்டிச்சேரியைவிட சிங்கப்பூர்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

தேக்கா சந்தையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் மெக்கன்சி சாலை. அங்கே ரெக்ஸ் தியேட்டருக்குப் பக்கத்தில், 1956-இல், ஒரு காப்பிக்கடைக்குள் சின்னதாக இடம் பிடித்து, கறிபப் என்கிற மசாலா பப்ஸ் விற்க ஆரம்பித்தார் சாங் சுவான் பூ. ஹைனான் சீனர். சிங்கப்பூருக்கு வந்த சீனர்களில் ஹைனான்காரர்கள் பிந்தி வந்தவர்கள். நல்ல வியாபாரமெல்லாம் முன்னால் வந்தவர்கள் கைக்குப் போயிருந்தது. மிஞ்சியது வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியும் கப்பல் சமையலறையும்தான். பலர் அங்கேதான் சீமைப் பலகாரம் பழகினார்கள். அடுக்கு மாவு சீனர்களுக்குப் புதிதும் அல்ல. தண்ணீரில் பிசைந்த மாவுக்குள் கொழுப்பில் பிசைந்த மாவைப் பொதிந்து, பாய்போலச் சுருட்டி வெட்டுவார்கள். பொரித்தெடுத்தால் நத்தை ஓடு மாதிரி வரி வரியாகத் தெரியும்.

கறிபப் அந்த ஊரில் முன்பே உண்டு. மலாய்க்காரர் அதைக் ‘கரிபாப்’ என்பார்கள். எந்த மொழிக்காரர் வாங்கினாலும் முன்பாதி நம்முடைய கறி! சாங்கின் கறிபப்புக்கு உள்ளே கறித்தூள் போட்டுப் பிரட்டிய கோழியும் உருளைக்கிழங்கும், கூடவே ஒரு துண்டு அவித்த முட்டையும். அந்த முட்டையை நினைத்தால் எனக்குச் செஞ்சி பேக்கரித் தட்டுதான் கண்முன் வருகிறது. இங்கே வெங்காயம், அங்கே உருளைக்கிழங்கு. இங்கே அடுப்பில் வேகிறது, அங்கே எண்ணெயில் பொரிகிறது. இருந்தாலும் முகஜாடை அப்படியே அக்கா தங்கைதான்.

ஜனங்கள் அதை ரெக்ஸ் கறிபப் என்றே சொல்லி வாங்கினார்கள். 1986-இல் கடை ஹான் கீன் ஜுவான் கைக்கு மாறியது. ‘ஓல்டு சாங் கீ’ என்ற பேரில் ஊரெங்கும் கிளைகள் பரவின. 2009-இல் அதே ரெக்ஸ் தியேட்டர் திரும்பத் திறந்தபோது, அதன் திரையில் தமிழ்ப் படங்கள் ஓடின.