எழுந்து நடத்தல்: முதுமை ஆய்வு ஆட்களைத் தேடிய வரலாறு

1935ஆம் ஆண்டு லண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த ஏழையர் இல்லத்தின் நோயர் விடுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 பேர் மருத்துவர் மார்ஜரி வாரனின் பொறுப்பில் வந்தனர். பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையை விட்டு எழாதவர்கள். அதற்குக் காரணம் முதுமை என்றே கொள்ளப்பட்டிருந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்த வாரன், பலருக்கு முதுமையைவிடப் படுக்கையே பெரிய கேடு என்று கண்டார். பயிற்சி பெற்றவர்களுள் பலர் எழுந்து நடந்தனர். வீடு திரும்பியவர்களும் உண்டு.

முதியவரின் நடமாட்டம் எந்த ஒரு துறைக்கும் உரியதன்று. தசை, மூட்டு, பார்வை, நரம்பு, விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம், வீட்டு வாசற்படியின் உயரம் ஆகிய அனைத்தும் அதில் சேர்கின்றன. முனைவர் பட்டமோ பெரும்பாலும் ஒரு துறையின் வேலிக்குள்ளேயே பெறப்படுவது. ஆகவே இத்துறைக்கான ஆய்வாளர் பட்டத்துக்குப் பின்னரே உருவாக வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் இதற்கு வழி வகுத்தன. மே மாதச் சட்டம் தேசிய முதுமை நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஜூலை மாதச் சட்டம் ஆய்வுப் பயிற்சிக்கான தேசிய நல்கையை ஏற்படுத்தியது. இந்நல்கையில் தனியாளுக்கு மட்டுமன்றி, ஒரு நிறுவனத்துக்கே பயிற்சியிடங்கள் வழங்கப்படலாம். மருத்துவரும் புள்ளியியலரும் சமூகவியலரும் ஒரே திட்டத்தில் பயிலலாம். இன்றைய விதிப்படி, மேலாய்வாளர் முதலாண்டுப் பயிற்சிக்கு ஈடாக ஓராண்டுப் பணி செய்யக் கடமைப்பட்டவர். இரண்டாம் ஆண்டுப் பயிற்சியே அக்கடனைக் கழித்துவிடுகிறது. மேலும் கற்றுக் கடனை அடைக்கும் இவ்வேற்பாடு விந்தையானதே.

இவ்வாய்வின் கருவிகளோ மிக எளியவை. 1991இல் மான்ட்ரியாலைச் சேர்ந்த போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட சோதனைக்கு ஒரு நாற்காலி, மூன்று மீட்டர் தரை, ஒரு கடிகாரம் ஆகியவையே போதும். 1994இல் ஜாக் குரால்னிக்கும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவின் மூன்று பகுதிகளில் 71 வயதும் அதற்கு மேலும் ஆன 5,000க்கும் மேற்பட்டோரிடம் நிற்கும் நிலை, நடைவேகம், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுதல் ஆகியவற்றை அளந்தனர். மறு ஆண்டு வெளியான கட்டுரை, அன்று இயலாமை ஏதுமற்றிருந்தவர்களிடமும் இம்மதிப்பெண் பின்னாளைய இயலாமையை முன்னுணர்த்தியதைக் காட்டியது.

இரு சோதனைகளிலும் இருப்பது நாற்காலி. இந்திய முதியவர்களுள் பெருந்தொகையினர் தரையில் அமர்ந்து உண்பவர்கள், குந்திக் கழிப்பவர்கள், பாயிலிருந்து எழுபவர்கள். தரையிலிருந்து எழ இயலாதவர் நாற்காலிச் சோதனையில் தேறிவிடக்கூடும். அவருடைய அன்றாட வாழ்வு முன்பே சுருங்கியிருக்கும். இறக்குமதியான அளவுகோல் இதனைக் காணாது.

இந்தியாவில் அடித்தளமே இல்லை என்பது பிழை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இலேயே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு தொடங்கிற்று. 2017இல் களமிறங்கிய இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வின் முதற்சுற்று, 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000க்கும் அதிகமானோரை உள்ளடக்கியது. பிடிவலிமையும் நடைவேகமும் அதில் அளக்கப்பட்டன. தரவு வந்துவிட்டது. அதைத் தரையோடும் பாயோடும் சேர்த்து வாசிக்கும் ஆய்வாளர் எங்கே பயில்வார்? சமூக அறிவியல் மேலாய்வுக்கு நல்கை தருவது ஒரு மன்றம், மருத்துவ மேலாய்வுக்குத் தருவது வேறொரு மன்றம். இரண்டுக்கும் இடைப்பட்ட கேள்வியோடு வருபவர், விண்ணப்பத்தை நிரப்பும்போதே அதில் ஒரு பாதியை விட்டுவிட நேர்கிறது.