முதல் நாளே ஒரு காமாலை ஊசி

போன மாசம் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில கொடுத்த தடுப்பூசி அட்டையில் முதல் நாளுக்கே மூணு பெயர்: பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைட்டிஸ் பி. அத்தை அட்டையைப் பார்த்துட்டு, "ஏன்டா, இன்னும் கண்ணே தொறக்கல, அதுக்குள்ள காமாலைக்கு ஊசியா? காமாலை வந்தா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாப் போச்சு" என்றார். நியாயமான கேள்விதான். பதில் தேடிப் போனபோது தைவானில் போய் நின்றேன்.

அத்தை சொல்லும் காமாலை பெரும்பாலும் தண்ணி, சாப்பாடு வழியா வரும் ஏ, ஈ வகை. அநேகமா தானாவே சரியாகிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்கு. பி வகை வேற. ரத்தம் வழியாகப் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். பெரியவர்களுக்கு வந்தால் 100இல் 95 பேர் உடம்பிலிருந்து அது போய்விடும். பச்சைக் குழந்தைக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: 100இல் 90 பேரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல்.

இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை முதலில் கண்டவர் அமெரிக்கரான பாரூக் பிளம்பர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அது கிடைத்ததால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர். 1976இல் நோபல் பரிசு வாங்கினார்.

அப்போது தைவானில் பெரியவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் இந்த வைரஸைச் சுமந்துகொண்டிருந்தார்கள். அங்கே பால்மர் பீஸ்லி என்ற மருத்துவர் 22,707 ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். 1981இல் முடிவு வந்தது. வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு! அதாவது பிறந்த அன்னைக்கு ஒட்டிக்கொண்ட கிருமி, குடும்பத்தைத் தாங்கும் வயசுல ஆளையே கொண்டுபோயிடுது.

அதே 1981இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது வைரஸ் உள்ளவர்களின் ரத்தப் பிளாஸ்மாவைச் சுத்திகரித்துச் செய்தது. எய்ட்ஸ் பயம் பரவிய நேரம் வேற, விலையும் அதிகம். அப்படியும் தைவான் தயங்கவில்லை. 1984 ஜூலையில் வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆரம்பித்து, 1986இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது.

பலன்? 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் கல்லீரல் புற்றுநோய், 1981–86இல் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990–94இல் 0.36 ஆகக் குறைந்தது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் ஒரு தடுப்பூசித் திட்டம் புற்றுநோயைக் குறைக்கும் என்று உலகம் முதன்முதலா கண்ணால பார்த்தது இங்கேதான்.

1992இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளும் இதைச் சேர்க்கச் சொன்னது. இந்தியா 2002இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனையாகத் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. நடுவுல போன வருஷங்கள்ல பிறந்தவங்கதான் நம்மள்ல பல பேர்.

அத்தையிடம் இவ்வளவும் சொன்னேன். "நாப்பது வருஷம் கழிச்சு வர்றதுக்கு இன்னைக்கே ஊசியா?" என்றார்.

ஆமா அத்தை. அந்தக் கதவை மூட நல்ல நேரம் முதல் 24 மணி நேரம்தான்.