ஒரே பேனா, இரு பாடல்கள்

ஒரு நாட்டு மக்களின் மனநிலையை அறிய அக்காலப் பத்திரிகைத் தலையங்கங்களைப் புரட்டுவது எனது தொழில்வழி வந்த பழக்கம். ஆனால், முதலாம் உலகப் போர்க்கால அமெரிக்காவைப் பற்றி வாசித்தபோது, தலையங்கங்களை விட ஜனரஞ்சகப் பாடல்களே அதனைத் தெளிவாகக் காட்டுவதை உணர்ந்தேன்.

வானொலி ஒலிபரப்பு வேரூன்றாத காலம் அது. நியூயோர்க் நகரின் 'டின் பான் அலி' பதிப்பகங்கள் பாடல்களை இசைக்குறிப்புத் தாள்களாக அச்சிட்டு விற்றன. வீட்டுப் பியானோக்களும் மேடைகளும் இசைத்தட்டுகளும் அவற்றை நாடெங்கும் பரப்பின.

1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது அமெரிக்கா நடுநிலை வகித்தது. மறு ஆண்டில், 'என் மகனைப் போர்வீரனாக நான் வளர்க்கவில்லை' என்னும் பொருள்படும் தலைப்புடன் ஒரு பாடல் வெளியாயிற்று. அல்பிரட் பிரையன் எழுத, அல் பியன்டடோசி இசையமைத்தார். ஒரு தாயின் குரலில் அமைந்த அப்பாடல் இலட்சக்கணக்கில் விற்பனையாகி, போரெதிர்ப்பாளரின் கீதமாயிற்று. போருக்கு ஆயத்தமாக வேண்டுமென வற்புறுத்திய முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அதனை எள்ளி நகையாடினார். அதற்கு எதிர்ப்பாட்டுகளும் வெளிவந்தன. எனினும், நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்ற பிரசாரத்தோடுதான் 1916இல் வுட்ரோ வில்சன் மீண்டும் ஜனாதிபதியானார்.

1917 ஏப்ரல் 6ஆம் திகதி அதே வில்சனின் அமெரிக்கா போரில் குதித்தது. ஜோர்ஜ் எம். கோகனின் 'ஓவர் தெயர்' என்னும் போர்ப்பாடல் நாடெங்கும் ஒலித்தது. ஜூன் மாதம் நிறைவேறிய சட்டம், படைக்கு ஆட்சேர்ப்பதைத் தடுப்போரை 20 ஆண்டுகள் வரை சிறையிடலாம் என்றது.

அன்று தாய்க்காகப் பாடிய பிரையன் என்ன செய்தார்? ஒவ்வோர் இளைஞனும் போர்வீரனாகும் வேளை வந்துவிட்டது என்னும் பொருள்பட, அவரே அதே ஆண்டில் இன்னொரு பாடலை எழுதினார்.

அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று எழுதிய தலையங்கத்தை இன்று மறுத்தெழுதிய பேனாக்களைப் பத்திரிகை அலுவலகங்களில் நானும் கண்டிருக்கிறேன். பாடல் சந்தையும் பத்திரிகைச் சந்தையும் காற்றடிக்கும் பக்கம் சாய்பவையே.

அப்போரில் ஏறத்தாழ 1,16,000 அமெரிக்கப் படையினர் மாண்டனர். 1915ஆம் ஆண்டுப் பாடலால் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆனால், தாய்மார் அப்போரை விரும்பியே தம் புதல்வரை அனுப்பினர் என்று பின்னாளில் எவரும் எளிதில் எழுதிவிட முடியாதவாறு அது சாட்சியாக நிற்கிறது.